பசை வீட்டுக்கு ஒரு மூக்கு

அந்தத் தெருவுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே புகுந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். அடுத்து நடையைக் கூட்டுவார்கள். தெருக் கடைசியில் இருக்கும் பசைக் கொட்டகையைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டே முனை திரும்பிவிடுவார்கள்.

கொட்டகையில் காய்ச்சுவது வச்சிரம். தச்சர்கள் மரத்தோடு மரத்தை ஒட்டுகிற பசை. தோல் கிடங்கில் சுரண்டி எறிகிற சவ்வு, காது, வால் நுனி, குளம்பு, இவைதான் சரக்கு. வண்டியில் வந்து இறங்கும்போதே ஈ மொய்த்துக் கறுத்திருக்கும். அதைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போட வேண்டும். ஊறி வெளுத்து, விரல் பட்டால் வழுக்கிக்கொண்டு போகிற பதம் வந்ததும் அள்ளி அலசிக் கொப்பரையில் போட்டு, கொதிக்கவிடாமல் காய்ச்ச வேண்டும். கொதித்தால் பசை செத்துப்போகும். மேலே சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அதில் மயிரும் கொழுப்பும் மிதக்கும். துடுப்பால் ஓரம் ஒதுக்கி, அகப்பையால் வழித்து வாளியில் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் தேன் நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் பசை. தட்டுகளில் ஊற்றி, இறுகியதும் கம்பியால் பாளம் பாளமாக அறுத்து, வலையில் பரப்பிக் காய வைப்பார்கள். காய்ந்த பிறகு அதற்கு நாற்றமே கிடையாது. கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்கும். வாங்க வருகிற தச்சர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நல்ல சரக்கு” என்பார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அங்கே நின்று பேச அவர்களுக்கு மூச்சு இருக்காது.

வேலை செய்வது பசைக்காரரும் அவர் மனைவியும்தான். ஒரே மகன் வெளியூரில் பஸ் கம்பெனியில் இருக்கிறான். கல்யாணமான புதிதில் பெண்டாட்டியை அழைத்து வந்தான். அந்தப் பெண் வாசற்படியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் குரல் போனில்தான்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மூக்கு செத்து வெகுகாலம். அவர் பிறந்து வளர்ந்ததே கொட்டகையில். அவளுக்கு வந்த புதிதில் மண்டையிடி. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். பிறகு ஒருநாள் கஞ்சி அடிப்பிடித்துக் கரியாவது தெரியாமல் அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். புகையைப் பார்த்து ஓடி வந்த பசைக்காரர் சிரித்தார். “இனிமேதான் நீ எங்க வீட்டு ஆளு” என்றார். அன்றிலிருந்து பால் திரிந்ததா என்று நாக்கில் வைத்துத்தான் பார்ப்பாள்.

எதிர்வீட்டில் ஒரு தையற்காரி. தையலுக்காகத் துணி கொடுப்பவர்கள் பாதி, வாய்க்குப் பயந்து கொடுப்பவர்கள் பாதி. அவள் மூக்கோ நாய் மூக்கு.

“கொப்பரையை என் ஜன்னலுக்கு நேரா வெச்சிருக்கியே, உனக்கு நான் என்னடி பாவம் பண்ணேன்? ஒரு கல்யாணப் பொண்ணு சட்டை. போட்டுப் பாத்துட்டு அவ ஆத்தா கேக்கறா, இதுக்குள்ள ஏதாவது செத்துக் கெடக்கான்னு!”

“வெயில்ல போட்டு எடுங்கக்கா, போயிடும்.”

“எந்த வெயில்ல? உங்க வீட்டுப் பக்கம் சூரியனே மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போவுது.”

பசைக்காரி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. சந்தையில் காசை உள்ளங்கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொல்வார்கள், வைத்துவிடுவாள். அவளுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் தலை நிமிரும். அது பிரார்த்தனைக் கூடத்து இரண்டாவது வரிசைப் பெஞ்சு.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு கதை உண்டு. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருஷம், கூடத்தில் தண்ணீர் ஆளுயரம் நின்றது. வச்சிரத்துக்குத் தண்ணீர் ஆகாது. பெஞ்சுகள், பிரசங்க மேடை, கதவு எல்லாம் மூட்டு மூட்டாகக் கழன்று மிதந்தன. தண்ணீர் வடிந்ததும் பசைக்காரரின் அப்பா கொப்பரையைக் கூடத்து முற்றத்துக்கே கொண்டுபோய் வைத்து, தச்சர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டாக ஒட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அதற்கு ஈடாக, இரண்டாவது வரிசையின் ஓரம் என்றைக்கும் பசை வீட்டுக்கு என்று அன்றைய பெரியவர்கள் சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தார்கள்.

ஆண்டுதோறும் கூடத்தின் வரலாற்றைக் காரியதரிசி வாசிப்பார். சந்தையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். குரலும் பாத்திரம் மாதிரி கணீரென்று இருக்கும். அதில் வெள்ளம் வரும். தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்பது வரும். ‘இறைவன் கிருபையால் பெஞ்சுகள் மீண்டும் ஒன்று சேர்ந்தன’ என்று ஒரு வரியும் வரும். அந்த வரி வந்ததும் பசைக்காரர் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார். கிருபைக்கு எத்தனை மூட்டை குளம்பு செலவாயிற்று என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளம் வந்து வெகுகாலம் கழித்து, ஒரு வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வலையில் போட்ட பசை காயவில்லை. பச்சைப் பூஞ்சை பூத்து, தொட்டால் மூக்குச்சளி மாதிரி நூல்விட்டது. எடுத்துத் திரும்பக் கொப்பரையில் போட்டுக் காய்ச்ச வேண்டியதாயிற்று. ஒரே சரக்குக்கு இரண்டு வேலை. பசைக்காரர் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல், வழுக்குகிற தரையில் நின்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அதை ஒரு வசதியாகத்தான் நினைத்தார். சுடுதண்ணீர் சிந்தினாலும் சுடாது.

ஒரு சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது தண்ணீரோடு ரத்தமும் வந்தது. குளம்புச் சில்லு ஒன்று பூட்ஸின் அடியைத் துளைத்து வலது உள்ளங்காலில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை.

“ஏங்க, ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடுங்களேன்.”

“இதுக்கா? எங்கப்பாவுக்கு வெரலு பாதி அறுந்து தொங்கிச்சு. ஆஸ்பத்திரிக்கா போனாரு? ஒட்டினாரு.”

பசை வீட்டில் வெட்டுக்கும் கீறலுக்கும் மருந்து பசைதான். பொறுக்கும் சூட்டில் துணிக்கீற்றை நனைத்துக் காயத்தின் மேல் ஒட்டிவிட்டால் தோலோடு தோலாகப் பிடித்துக்கொள்ளும். புண் ஆறியதும் தானாக உரிந்து விழும். அவள் கையிலேயே அப்படி எத்தனையோ தடவை ஒட்டியிருக்கிறாள். சில்லைப் பிடுங்கிவிட்டு அவளே பதமாக ஒட்டிவிட்டாள். ஈரத்தில் இளகி ஓரம் தூக்கிய போதெல்லாம் மேலே இன்னொரு பூச்சு பூசினாள். தேன் நிறத்தில், பளபளவென்று, பார்க்க அழகாகவே இருந்தது. நல்ல பசை. உள்ளே நடந்ததை வெளியே விடவில்லை.

மழை விடாத அந்த நாட்களில் தையற்காரி ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

“ஏய், புதுசா என்னடி காய்ச்சறீங்க?”

“அதேதான்கா.”

“அதே மாதிரி இல்லியே. இது வேற. இனிப்பா வருது. அழுகின பழத்துக்குள்ள எலி செத்த மாதிரி. சோத்துல கை வைக்க முடியல.”

“மழைல சரக்கு கெட்டுப்போச்சுக்கா. அதுவா இருக்கும்.”

“என்னவோ போ. மனுசங்க வாழற தெருவா இது?” ஜன்னல் அறைந்து சாத்திக்கொண்டது.

பசைக்காரி பயந்துபோய்ப் பூஞ்சை பிடித்த சரக்கை எல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தாள். கொப்பரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, புதுச் சுண்ணாம்பு கரைத்தாள். கைத்தோல் வெந்து உரிந்தது. “இப்ப எப்படிக்கா இருக்கு?” என்று எதிர்வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாள். தையற்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “இன்னும் ஜாஸ்தியா இருக்கு” என்றாள்.

கூடத்தில் இரண்டாவது வரிசை காலியாகத் தொடங்கியது. முதலில் பக்கத்தில் உட்காருகிறவர் நகர்ந்தார். பிறகு பெஞ்சே காலி. அப்புறம் முன் வரிசையும் பின் வரிசையும். பாட்டின் நடுவே ஒரு பெண்மணி கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பசைக்காரர் கண்ணை மூடிப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. பக்தியில் முகம் சிவந்ததாகப் பெண்டாட்டி நினைத்தாள்.

அந்த வாரமே காரியதரிசி வந்தார். தெருவிலேயே நின்றுகொண்டார்.

“அண்ணே, தப்பா நெனைக்கக் கூடாது. உங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. வாசல்கிட்ட உங்களுக்குன்னு நாற்காலி போட்டிருக்கோம். தனி நாற்காலி. காத்து நல்லா வரும்.”

“காத்து எனக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?”

“எல்லாருக்கும்தான் அண்ணே. வழிபாட்டுல ஒரு சுத்தம் வேணும் இல்லியா?”

“அந்தப் பெஞ்சு எங்கப்பா ஒட்டினது.”

“யார் இல்லேன்னா? ஒட்டினதுக்கும் உக்கார்றதுக்கும் என்ன சம்பந்தம்?” இதைச் சொல்லிவிட்டு அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். வாயை மூடிக்கொண்டே சிரிக்கிற வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பிரார்த்தனைக்கு முன்னால் அவள் தண்ணீர் காய்ச்சி, துணி சோடாவும் சோப்பும் போட்டுப் புருஷனைக் குளிப்பாட்டினாள். எருமையைத் தேய்ப்பது போலத் தேய்த்தாள். பாதத்துக்கு வந்தபோது நிறுத்தினாள்.

“விரலெல்லாம் கறுத்திருக்கே.”

“பூட்ஸ் சாயம். ஈரத்துல ஊறி எறங்கியிருக்கு.”

அவள் தேய்த்துப் பார்த்தாள். சாயம் போகவில்லை. தண்ணீர் படாமல் ஒதுக்கிவைத்த பசைப் பற்று அப்படியே விறைப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சொட்டு, பழுப்பாக, கசிந்து நின்றது. சோப்பு நுரை என்று துடைத்துவிட்டாள். அந்தச் சொட்டை முகர்ந்திருந்தால் ஊரில் எந்தப் பெண்ணும் அலறியிருப்பாள். அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இருவரும் போனார்கள்; வாசல் நாற்காலியில் அவர் உட்கார, பக்கத்தில் அவள் தரையில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம் அந்த நாற்காலி வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் கிடந்தது. மழை சாரலடித்தது. பசைக்காரர் நாற்காலியைப் பார்த்தார். திரும்பி நடந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். கோபத்தில் நடை அப்படி இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் நுரை வழித்துக்கொண்டிருந்தவர், அகப்பையைக் கையில் பிடித்தபடியே சரிந்தார். கொப்பரையில் விழாமல் பக்கவாட்டில், நுரை வாளி மேல் விழுந்தார். அவள் போட்ட சத்தத்துக்குத் தையற்காரிதான் முதலில் ஓடி வந்தாள். பாதி தைத்த துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, “சரக்கு வண்டிக்காரன் முனைல நிக்கறான், கூப்பிடறேன்” என்று ஓடினாள். வண்டிக்காரன் குளம்பு ஏற்றி வந்த வண்டியில், பலகையில் வடிந்து கிடந்த சாற்றின் மேலேயே பசைக்காரரைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் பூட்ஸைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். பற்றின் ஓரத்தை இடுக்கியால் நெம்பினார். அது லேசில் வரவில்லை. வந்தபோது கூடவே உள்ளே இருந்ததும் வந்தது. நர்ஸ் இரண்டடி பின்னால் போனாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து நடந்துவிட்டார்.

“என்னம்மா ஒட்டி வெச்சிருக்கீங்க இது மேல?”

“பசைங்க. வச்சிரம்.”

“எத்தனை நாளா இந்த நாத்தம்?”

“எங்க வீட்டுல நாத்தம் எப்பவும் உண்டுங்க டாக்டர். எங்களுக்குத் தெரியாது. மூக்கு கெடையாது.”

“தெருவுல ஒருத்தருக்குமா கெடையாது?”

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார். பாதத்தை மட்டும் எடுத்துப் பிரயோசனம் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். முதலிலேயே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும்.

எடுத்தார்கள். பசைக்காரர் உயிரோடு மிஞ்சினார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இடது காலைத் தூக்கிக் காட்டினார். குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது.

“இந்தக் காலுக்கும் உணர்ச்சி கெடையாது. இதுல ஏதாவது ஆரம்பிச்சா கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நாத்தம்தான் சொல்லும். தெனம் கட்டைப் பிரிச்சு மோந்து பாருங்க. கொஞ்சம் மாறினாலும் உடனே தூக்கிட்டு வந்துடணும். இதுவும் போச்சுன்னா ஆளும் போயிடுவாரு. மறுபடி பசையத் தடவினீங்க, நானே போலீசுக்குச் சொல்லுவேன்.”

“மோந்து பாக்கறதுக்கு…” என்று அவள் ஆரம்பித்தாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காரியதரிசி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். இந்த முறை வாசற்படி வரை வந்தார். கைக்குட்டையில் அத்தர் போட்டிருந்தார். அவளால்தான் அதை அறிய முடியாது. பசைக்காரர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“கேள்விப்பட்டு ரொம்ப வேதனைம்மா. கூடத்துல எல்லாரும் பிரார்த்தனை பண்ணோம்.”

“ஐயா, ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டு நாத்தம் எப்ப மாறுச்சு?”

“அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?”

“சொல்லுங்க. உங்களுக்கு மூக்கு இருக்கே.”

காரியதரிசி யோசித்தார். கணக்கில் கெட்டிக்காரர், ஞாபகமும் அதிகம். “மழை ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே மாறிடுச்சு. மொதல்ல எல்லாரும் பசைன்னுதான் நெனச்சோம். அப்புறம் நம்ம பழைய கம்பவுண்டர் சொன்னாரு, இது பசை இல்ல, புண்ணு அழுகற நாத்தம்னு. கூட்டத்துல பேசினோம்.”

“பேசினீங்களா?”

“விரிவா பேசினோம்மா. யாரும் உங்களை விட்டுக்கொடுக்கல. தீர்மானமே போட்டோம்.”

“என்ன தீர்மானம்?”

அவர் கைக்குட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “அந்த நாற்காலி விஷயம்தான்.”

“புண்ணுன்னு தெரிஞ்சும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“எப்படிம்மா சொல்றது? உங்க மேல நாத்தம் அடிக்குதுன்னு ஒரு மனுசன் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? மனசு புண்படாதா?”

அவளுக்குக் குமட்டியது. எத்தனையோ வருஷமாக அழுகல் சவ்வை அள்ளி அலசிய கை. ஒரு நாளும் குமட்டியதில்லை. இப்போது அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

“சரிங்கய்யா. போனது போச்சு. டாக்டர் தெனமும் அந்த இன்னொரு காலை மோந்து பாக்கச் சொல்லியிருக்காரு. எனக்கு மூக்கு இல்ல. காலைல ஒரு நிமிஷம், கூடத்துலேர்ந்து யாராவது, முறை வெச்சுக்கிட்டாவது…”

“காலையா?” காரியதரிசி ஒரு படி இறங்கினார். “பாக்கலாம்மா. கூட்டத்துல வெக்கறேன். அதுவரைக்கும் நான் பிரார்த்தனை பண்ணிக்கிறேன்.” அங்கேயே கண்ணை மூடிக் கைக்குட்டைக்குள் ஏதோ முணுமுணுத்தார். மூச்சு தீர்ந்ததோ என்னவோ, பிரார்த்தனையும் சட்டென்று தீர்ந்தது. பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

உள்ளேயிருந்து பசைக்காரர் கேட்டார். “என்ன சொல்றாரு?”

“கூட்டத்துல வெக்கறாராம்.”

“காலையா?” என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “விடு. இருக்கற வரைக்கும் இருக்கேன்.”

அவள் தெருவைத் தாண்டினாள். தையற்காரி மிஷினில் குனிந்திருந்தாள். தலை நிமிராமலே, “வாசல்லயே நில்லு. வெள்ளைத் துணி கெடக்கு” என்றாள்.

அவள் வாசலில் நின்றே சொன்னாள். மிஷின் நின்றது.

“என்னடி சொல்ற? உன் புருஷன் காலை நான் மோந்து பாக்கணுமா?”

“ஆமாக்கா.”

“ஊருல நாய் இல்லியா?”

“நாய்க்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியாதுக்கா.”

“உனக்கு வெக்கமா இல்ல, இப்படி வந்து கேக்க?”

“இல்லக்கா. நீங்க மட்டும்தான் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. இனிப்பா வருது, எலி செத்த மாதிரின்னு. நான்தான் சரக்குன்னு நெனச்சேன்.”

தையற்காரி ஊசியில் நூலைக் கோத்தாள். கோத்ததை உருவிவிட்டு மறுபடியும் கோத்தாள். “எனக்கு மட்டும் என்னடி தெரியும், புண்ணுன்னு? தெரிஞ்சிருந்தா தெருவே கூடற மாதிரி கத்தியிருக்க மாட்டேன்? போ, போ. வேலை கெடக்கு. கொப்பரையையாவது அணைச்சுத் தொலையேன், பசை நாத்தத்துக்கு நடுவுல எந்தச் சனியனை மோந்து பாக்கறது?”

“கொப்பரை எரியணும்கா. அவரு ஒத்தைக் காலு சோறு போடாது.”

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பசைக்காரி வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு அவளே துடுப்பைப் பிடித்து, அவளே நுரை வழித்தாள்.

மறுநாள் காலையில் கொப்பரைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தபோது நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. தையற்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு, போருக்குப் போகிறவள் மாதிரி நின்றாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. சுற்றிலும் பார்த்தாள். வலை, தட்டு, வாளி, வாளியில் மயிர் மிதக்கும் நுரை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“மாடு கூட இதுக்குள்ள இருக்காதுடி. சீக்கிரம் காட்டு. வாந்தி வந்தா நீதான் அள்ளணும்.”

பசைக்காரர் வெட்கத்தில் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டார். பெண்டாட்டி குதிகால் கட்டைப் பிரித்தாள். தையற்காரி மண்டியிட்டாள். முகத்தைக் கொண்டுபோனாள், பின்னால் இழுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் கொண்டுபோனாள். மூக்கு நுனி குதிகாலைத் தொடுகிற தூரத்தில் நிறுத்தி, ஒரு தடவை இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னொரு தடவை, நிதானமாக, வெடிப்பின் நீளத்துக்கும் இழுத்தாள்.

கொட்டகையில் விறகு வெடித்தது.

அவள் எழுந்தாள். வாசலுக்கு ஓடி, சாக்கடையில் காறித் துப்பினாள். மறுபடியும் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“சீ! பசை நாத்தம்டி. வெறும் பசை நாத்தம். வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பாத்தீங்களாக்கா?”

“இதுக்கு மேல நல்லாப் பாக்கணும்னா நக்கித்தான் பாக்கணும். த்தூ! என்ன பொழப்பு இது. நாளைக்கு நான் டீ குடிக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சு வை. குடிச்சுட்டு வந்தா நிக்காது.”

செருப்பை உதறிக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டு அவள் போனாள். எதிர்வீட்டு ஜன்னல் அறைந்து சாத்திக்கொண்டது.

பசைக்காரி அப்போதுதான், தான் இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள்.